பெருநாளுக்குப் பிறகும் திறக்காத வாய்

எல்லாரும் சுகம்தானா? முழங்கால் வலி, சர்க்கரை, தூக்கமின்மை எல்லாம் இருக்கட்டும், அதைத்தான் நாம் தினமும் போனில் பேசுகிறோமே. நான் கேட்பது வேறு. வாய் எப்படி இருக்கிறது? பல், ஈறெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் வாய்க்குள் கடைசியாக எப்போது எட்டிப் பார்த்தீர்கள்? கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பீரான்குட்டி காக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டே ஒரு பகல் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அதனால்தான் கேட்கிறேன்.

காக்கா என் வீட்டுக்காரருக்கு அண்ணன். நான் உடுமலைப்பேட்டைப் பக்கம் பிறந்தவள். மஞ்சேரிக்கு வாழ வந்து இங்கேயே நரைத்துப்போனேன். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். காக்கா எங்கள் சின்னப் பள்ளிவாசலில் முக்ரியாக இருந்தவர். பள்ளியைக் கூட்டுவது, தொட்டியில் தண்ணீர் நிரப்புவது, ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு ஊரைக் கூப்பிடுவது எல்லாம் அவர் வேலை. ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே அவர் தொண்டை கமுகுத் தோட்டங்களைத் தாண்டிக் கேட்கும். நோன்பு மாதத்தில் ஊரே அவர் வாயைப் பார்த்துத்தான் காத்திருக்கும். சூரியன் மறைந்து அவர் மஃரிப் பாங்கு சொன்னால்தான் பேரீச்சம்பழம் யார் வாய்க்குள்ளும் போகும். ஒரு நிமிஷம் முந்திச் சொன்னதில்லை, பிந்திச் சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெரிய பெருமை.

அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை, இடது கால், இடது கன்னம் எல்லாம் விழுந்துபோயின. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு மிஞ்சியது. நினைவு அங்கங்கே ஓட்டை விழுந்துவிட்டது. போன நோன்பு மாதத்தில், முடியாதவர்களுக்கு நோன்பு கடமை இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் சரியென்று சமத்தாக மாதம் முழுக்கப் பகலில் கஞ்சி குடித்தார். பெருநாள் காலையில் குளிப்பாட்டிப் புது முண்டு உடுத்தி, அவர் மனைவி தித்திக்குட்டி இத்தாத்தா ஒரு கரண்டி பாயசத்தை வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

"நான் நோன்பு" என்றார் காக்கா. வாயை மூடிக்கொண்டார்.

எல்லாரும் சிரித்தோம். ஊரெல்லாம் நோன்பை முடித்த அன்று அவர் தொடங்கினார். அதன்பிறகு ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போய்விட்டது. காக்காவுக்கு மட்டும் ஒவ்வொரு விடியலும் நோன்புதான். விடிவதற்கு முன்னால் சாப்பிடுவார், மஃரிப் பாங்குக்குப் பிறகு சாப்பிடுவார். இடையில் அந்த வாய் திறக்காது.

இத்தாத்தா அப்போதும் விளையாட்டாகத்தான் பேசினார். "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் வாய் கொஞ்ச நேரமாவது மூடணும்னு துஆ கேட்டேன். கேட்டதைக் கொடுத்துட்டான், நான்தான் சரியா விவரம் சொல்லாமக் கேட்டுட்டேன்."

வாயைச் சுத்தம் செய்வதுதான் கஷ்டமாகிவிட்டது. விடியலில் ஊட்டியதும் அப்படியே தூங்கிப்போவார். பகலில் பிரஷ்ஷைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். பள்ளிக்காரர் என்பதால் மிஸ்வாக் குச்சியைக் காட்டிப் பார்த்தோம். முற்பகலில் இரண்டு இழுப்பு முன்பல்லில் மட்டும் இழுக்க விடுவார். மதியம் திரும்பிவிட்டால் அதுவும் கிடையாது. "உச்சி சாய்ஞ்சப்புறம் நோன்புக்காரன் பல்லு தேய்க்கலாமா? ஓதின வீட்டுல பிறந்தவங்கதானே நீங்க?" என்று எங்களுக்கே பாடம் நடத்துவார். நினைவில் மருமகள் பெயர் இல்லை, பேரன் முகம் இல்லை, சட்டம் மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. மஃரிப் ஆனதும் பசியில் ஆவேசமாகச் சாப்பிட்டுவிட்டு, கடைசி வாய் கன்னத்தில் இருக்கும்போதே கண் செருகிவிடும்.

வாயிலிருந்து வாடை வந்தது உண்மைதான். அது எல்லாருக்கும் தெரியும். நோன்பு வைத்தவர் வாயில் வாடை வரும். அது படைத்தவனுக்குக் கஸ்தூரியைவிடப் பிரியமானது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இத்தாத்தா அந்த வாடைக்கு முகம் சுளித்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்து, "நோன்பு வாசம்" என்று மெதுவாகச் சொல்வார். அதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அன்று காலை பாலியேட்டிவ் நர்ஸ் ஷீஜா வந்தாள். வாரம் தவறாமல் ஜீப்பில் வந்து புண் இருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்த்துப் போகிறவள். காக்கா தலையணையில் சாய்ந்து வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஷீஜா டார்ச்சை எடுத்துச் சும்மா உள்ளே அடித்துப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"உம்மா, இது எப்பலேர்ந்து ஆடுது?"

"எது மோளே?"

"இந்தப் பல்."

நானும் குனிந்து பார்த்தேன். கீழ்வரிசையில் இடது பக்கக் கோரைப்பல். ஈறு வெள்ளையாகப் பழுத்து, பல் ஒரு நாரில் தொங்குகிற மாதிரி சாய்ந்து நின்றது. அவர் மூச்சை இழுக்கும்போது உள்பக்கம் சாய்ந்தது. விடும்போது வெளிப்பக்கம் சாய்ந்தது.

"வாயில இவ்வளவு நாத்தம் வருதே, யாரும் கவனிக்கலயா?" என்றாள் ஷீஜா.

"நோன்பு வாசம்னு..." என்று ஆரம்பித்த இத்தாத்தா பாதியில் நிறுத்திவிட்டார்.

ஷீஜா சிரிக்கவில்லை. "நோன்பு வாசம் இப்படி இருக்காது உம்மா. இது சீழ்." பிறகு எங்களை வாசல் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். "இந்தப் பல் எப்ப வேணா விழும். வயித்துக்குள்ள போனா பரவால்ல, தானா வெளியே வந்துடும். மூச்சுக்குழாய்க்குள்ள போச்சுன்னா இருமித் தள்ள இவருக்குச் சக்தி இல்ல. ஏற்கெனவே ஒரு நிமோனியா வந்து பிழைச்ச நெஞ்சு."

"அப்ப நீயே பிடுங்கிடு. நூல் கட்டி இழுத்தா வந்துடும் போல இருக்கு."

"நானும் தொடக்கூடாது, நீங்களும் தொடக்கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். ரத்தம் நிக்கலன்னா என்ன செய்வீங்க? டாக்டர்தான் வரணும்."

அவள் போனில் பேசிவிட்டு, பல் டாக்டர் மதியத்துக்கு மேல் வருவார் என்றாள். அதுவரை தலையைத் தாழ்த்தாமல் சாய்த்தே வைக்க வேண்டும், வாய்க்குள் எதுவும் கொடுக்கக்கூடாது, திடீரென்று இருமினாலோ மூச்சில் விசில் சத்தம் வந்தாலோ உடனே கூப்பிட வேண்டும். கிளம்புவதற்கு முன் கையுறை போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை நன்றாகப் பார்க்கலாம் என்று அவர் உதட்டில் விரலை வைத்தாள். காக்கா விழித்துக்கொண்டார்.

"நோன்பு" என்றார். கதவு சாத்தின மாதிரி வாய் மூடியது. பிறகு தூங்கவும் இல்லை.

திறந்திருந்தபோது அந்தப் பல்லைப் பார்த்துப் பயந்தோம். மூடியபிறகு பார்க்க முடியாமல் பயந்தோம். இரண்டாவது பயம்தான் பெரிது. இத்தாத்தா கட்டிலின் தலைமாட்டில், நான் அவரை ஒட்டி. இத்தாத்தாவின் மகன் ஷரஃபு தன் மொபைல் கடையைச் சாத்திவிட்டு வந்து வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தான். காக்கா எச்சில் விழுங்கும்போது தொண்டைமணி ஏறி இறங்கும். அது ஏறும்போதெல்லாம் எங்கள் மூன்று பேர் மூச்சும் நின்று, இறங்கிய பிறகுதான் திரும்பி வரும். ஒருமுறை தும்மல் வருவதுபோல மூக்கைச் சுளித்தார். இத்தாத்தா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நசுங்கியது. தும்மல் வரவில்லை.

"என்ன எல்லாரும் என்னையே பார்க்கறீங்க, மவுத்தாயிட்டேனா?" என்றார் காக்கா, பல்லைப் பிரிக்காமலே.

"இன்னும் இல்ல. பேசாம இருங்க" என்றார் இத்தாத்தா.

"வீட்டுக்கு ஆள் வந்திருக்கு, டீ கொடுக்கலயா?"

"ஆள் இல்ல, நம்ம ஹவ்வாதான்."

ஹவ்வா நான்தான். "நோன்பு வீட்டுல எனக்கு எதுக்குக் காக்கா டீ?" என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. தலையசைத்தார். வாய் திறக்கவில்லை.

மதியம் சாய்ந்தபிறகு ஷீஜாவோடு டாக்டர் வந்தார். ஜிதின் என்று பெயர், மீசை இன்னும் சரியாக முளைக்காத பையன் மாதிரி இருந்தார். நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் மண்டியிட்டார்.

"உப்பா, நான் பல் டாக்டர். கொஞ்சம் வாயைக் காட்டறீங்களா?"

"நோன்பு திறந்தப்புறம் வா. அரிசிப் பத்திரியும் கறியும் தர்றேன், சாப்பிட்டுட்டே பாரு."

"வாயைக் காட்டினா நோன்பு முறியாது உப்பா."

"நீ எந்த மதரசால ஓதின?"

"நான் கோழிக்கோட்டுல பல்லுக்குப் படிச்சேன்."

"அங்க கிதாபெல்லாம் சொல்லித் தர்றாங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் கன்னத்தைத் தொட்டதும் காக்காவின் தாடை இறுகியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்த எலும்பு புடைப்பது தெரிந்தது. டாக்டர் கையை எடுத்துவிட்டு எழுந்தார்.

முற்றத்தில் வைத்துச் சொன்னார். "பலவந்தமா திறந்தா அந்தச் சண்டையிலயே பல் உள்ளே போயிடும். மயக்கம் கொடுக்கலாம்னா இந்த நெஞ்சுக்கு அதுவும் பயமா இருக்கு."

"மஃரிப்புக்குத் தானாத் திறப்பாரே" என்றான் ஷரஃபு.

"திறந்ததும் என்ன செய்வார்?"

எங்களுக்குத் தெரியும். கரண்டி உதட்டில் பட்டதும், ரவையில் காய்ச்சிய தரிக்கஞ்சியைச் சர்ரென்று உறிஞ்சுவார். நாள் முழுக்கப் பசித்திருந்தவரின் உறிஞ்சல் அது. அந்தக் காற்றோடு பல்லும் உள்ளே போய்விடும்.

"அதுக்கு முன்னாடி, பசி வேகம் வர்றதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை அமைதியாத் திறக்கணும்" என்றார் டாக்டர்.

ஷரஃபு போனை எடுத்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று இத்தாத்தாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"வேண்டாம் மோனே. பாங்குல பொய் சொல்லக்கூடாது."

"போன்ல இருக்கற பாங்கு உம்மா. யாரும் தொழப் போறதில்ல. திரையை இழுத்து விட்டா இருட்டாயிடும். உப்பா வாயைத் திறக்கட்டும், டாக்டர் எடுத்துடட்டும். அல்லாஹ் மன்னிப்பான்."

"அல்லாஹ் மன்னிப்பான். உங்க உப்பா?"

"உப்பா உயிரோட இருந்தா திட்டட்டும் உம்மா. நான் கேட்டுக்கறேன்."

இத்தாத்தா உள்ளே போனார். ஜன்னல் திரைகளை நானே இழுத்துவிட்டேன். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு ஓரமாக நின்றார். அடுத்த அறையிலிருந்து பாங்கு எழுந்தது.

காக்காவின் முகம் மாறியது. கண்கள் நனைந்தன. உதடு மெல்லப் பிரிந்தது. டாக்டர் ஓர் அடி முன்னால் வந்தார். இத்தாத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

"இது யார் பாங்கு?" என்றார் காக்கா.

டாக்டர் அடுத்த அடியை வைக்காமல் நின்றார்.

"நம்ம பள்ளியில இப்படி இழுத்து ராகம் போட மாட்டாங்க." தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார். திரையின் ஓரத்தில் வெயில் கத்தி மாதிரி ஒரு கோடு போட்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சாயங்கால அஸர்கூட ஆகல. ஊருக்கெல்லாம் நோன்பு திறக்கச் சொன்னவன் நான். எனக்குக் கள்ள பாங்கா?"

சொல்லிவிட்டுத் தாடையை அறைந்து மூடினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

டாக்டர் ஓடிப்போய் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். முன்னால் வைத்தார், முதுகில் வைத்தார், மறுபடியும் முன்னால் வைத்தார். "இப்போதைக்கு ரெண்டு பக்கமும் காத்து போகுது" என்றார். "பல் உடைஞ்சு விழுந்திருக்கு. வாய்க்குள்ளதான் எங்கேயோ கிடக்குது. தொண்டையப் பார்த்துக்கிட்டே இருங்க. முதுகுத் தலையணைய யாரும் எடுக்காதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

ஷரஃபு போனை எடுத்து நம்பரைத் தப்பாக அழுத்தினான். ஷீஜா அதை வாங்கிக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் வேறொரு வீட்டுக்குப் போயிருந்தது, வர நேரமாகும் என்றார்கள். டாக்டர் காக்காவிடம் கெஞ்சினார். நான் கெஞ்சினேன். இத்தாத்தா கெஞ்சவில்லை, கண் இமைக்காமல் அந்தத் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா எங்களை எதிரிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்த இறுகிய உதட்டுக்குப் பின்னால் ஒரு பல் எங்கே புரள்கிறதோ என்று நினைத்தபடியே என் நாக்கால் என் பற்களைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் பள்ளியிலிருந்து அஸர் பாங்கு வந்தது. இழுப்பில்லாத, ராகமில்லாத, நாங்கள் தினமும் கேட்கிற பாங்கு.

காக்கா கேட்டார். முழுதும் கேட்டு முடித்தார். பிறகு வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துக் கட்டிலுக்கு வெளியே நீட்டினார். உள்ளங்கையைக் குவித்தார்.

எனக்குப் புரியவில்லை. இத்தாத்தாவுக்குப் புரிந்தது. "வுளு" என்றார். தொழுகைக்கு முன்னால் கை, வாய், மூக்கு, முகம் என்று வரிசையாகக் கழுவுகிறோமே, அது. விழுங்காமல் வாய் அலசினால் நோன்பு முறியாது. படுத்ததிலிருந்து அவர் அதைக் கேட்டதே இல்லை. கள்ள பாங்கைக் கேட்ட கோபத்தில் பழைய முக்ரி எங்கிருந்தோ எழுந்து வந்துவிட்டாரோ என்னவோ.

இத்தாத்தா மூக்கு வைத்த கிண்டியில் தண்ணீர் எடுத்து வந்தார். ஷீஜா குறுக்கே வந்தாள். "உம்மா, வாய்க்குத் தண்ணி கூடாது. நேரா நெஞ்சுக்குப் போயிடும். பல்லையும் சேர்த்துத் தள்ளிடும்."

"கைக்குத் தண்ணி. வாய்க்குத் துணி" என்றார் இத்தாத்தா. "நனைச்சு நல்லாப் பிழிஞ்சு கொடு."

காக்காவின் கையைக் கழுவினார். ஒவ்வொரு விரலிடுக்கிலும் தண்ணீர் விட்டார். அவசரப்படவே இல்லை. எனக்குத்தான் கத்த வேண்டும்போல இருந்தது. ஷீஜா பிழிந்த காஸ் துணியை இத்தாத்தாவின் ஆள்காட்டி விரலில் சுற்றிவிட்டாள். டாக்டர் பின்னால் நின்று நெற்றி விளக்கைப் போட்டார்.

"ஷரஃபுவோட உப்பா, கை முடிஞ்சது. இனி வாய்."

பகல் முழுக்கத் திறக்காத வாய், யாரும் தொடாமலே, தானாகத் திறந்தது. அகலமாகத் திறந்தது.

விளக்கு வெளிச்சத்தில் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். கோரைப்பல் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு குழி. பல் இல்லை.

"இல்ல" என்றார் டாக்டர், காற்று மாதிரி. "நாக்குக்குக் கீழயும் இல்ல."

ஷரஃபு குனிந்து போர்வை மடிப்புகளில் தேடினான்.

இத்தாத்தா விரலை வாய்க்குக் கொண்டுபோனார். காக்கா புருவத்தைச் சுருக்கினார். "தண்ணி எங்க?"

"துணியில இருக்கு. முடியாதவனுக்கு ஈரம் போதும்."

காக்கா யோசித்தார். வாய் மூடப்போகிறது, விரலைக் கடிக்கப்போகிறது என்றே நினைத்தேன். "சரி" என்றார்.

இத்தாத்தா முதல் தடவை நாக்கைத் துடைத்தார். துணி மஞ்சளாக வந்தது. ஷீஜா புதுத்துணி சுற்றினாள். இரண்டாவது தடவை வலது பக்கம். எச்சிலும் கறையும் வந்தன, வேறொன்றும் இல்லை. வாயைக் கழுவுவது மூன்று தடவைதான். நாலாவதுக்குக் காக்கா வாய் திறக்கமாட்டார், அது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் இத்தாத்தாவின் தோளுக்கு மேலிருந்து இடது கன்னத்தைச் சுட்டிக்காட்டினார்.

அந்தக் கன்னம் அவருக்கு மரத்துப்போன கன்னம். அங்கே என்ன இருந்தாலும் தெரியாது. இத்தாத்தா விரலை ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே விட்டு, பின்னாலிருந்து முன்னால் மெதுவாக வழித்தார். விடியலில் ஊட்டிய பத்திரி, தேங்காய்ப்பாலில் ஊறிக் குழைந்தது, அப்படியே ஒரு உருண்டையாக வந்தது. அதற்கும் முந்தைய நாளுடையதும் அதில் இருந்திருக்கும். அந்த நாற்றத்தை நான் சொல்லமாட்டேன். இத்தாத்தா அதைத் துணியோடு உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். நசுக்கிய விரல் நின்றது.

கையை மூடிக்கொண்டார். டாக்டரைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையசைத்தார்.

ஆனால் வுளுவை நிறுத்தவில்லை. ஒரு கையை மூடியபடியே, மற்ற கையால் மூக்கைத் துடைத்தார், முகத்தைக் கழுவினார், முழங்கை வரை ஈரம் தடவினார். நடுவில் நிறுத்தினால் அவர் சந்தேகப்படுவார், வாய் மறுபடியும் பூட்டிக்கொள்ளும். குழியிலிருந்து ரத்தம் வடிந்து உதட்டோரம் வந்தது. காக்கா புறங்கையால் துடைத்துப் பார்த்தார்.

"ரத்தம். வுளு போச்சா?"

"ரத்தம் வந்தா வுளு முறியாது. நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

"ஆமா. நம்ம மத்ஹபுச் சட்டத்துல முறியாது." அவர் முகத்தில் ஒரு திருப்தி. "ஆனா தொழறதுக்கு முன்னாடி நிக்கணும்."

"அதைத்தான் இந்தப் பிள்ளை நிறுத்தித் தர்றேன்னு சொல்றான். வாயைக் காட்டுங்க."

காட்டினார். டாக்டர் மருந்து நனைத்த துணியைக் குழியில் வைத்து, துணி நழுவி உள்ளே போகாமல் தன் விரலாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரத்தம் சட்டென்று நிற்கவில்லை. துணியை மாற்றினார், மறுபடியும் அழுத்தினார். ஒருமுறை காக்கா அந்த விரலை லேசாகக் கடித்தும் பார்த்தார். டாக்டர் அசையவில்லை. ஆம்புலன்ஸ் வந்து முற்றத்தில் நின்றபோதுதான் ரத்தம் நின்றது. அவர்களிடம், இப்போது வேண்டாம், ராத்திரி காய்ச்சல் வந்தால் கூப்பிடுகிறோம் என்று ஷீஜா சொல்லி அனுப்பினாள்.

காக்கா படுத்தபடியே கண்ணால் தொழுதார். அதன்பிறகுதான் இத்தாத்தா சமையலறைக்கு வந்து கையைத் திறந்தார். பல் முழுசாக இருந்தது, வேரோடு. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்து, உடைந்த துண்டு எதுவும் உள்ளே போகவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"அந்த எச்சில் பத்திரி உருண்டையில ஒட்டிக்கிட்டதாலதான் தொண்டைக்குப் போகல" என்றார். பிறகு அவரே, "ஆனா அந்த உருண்டை இத்தனை நாள் அங்க கிடந்து அழுகினதாலதான் பல்லே ஆடிச்சு உம்மா" என்றார்.

இத்தாத்தா கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிய கையையே மறுபடியும் கழுவினார். "நான் தினமும் அதை முகர்ந்து பார்த்து சந்தோஷப்பட்டுட்டிருந்தேன் மோனே" என்றார். நான் துண்டை எடுத்து நீட்டினேன்.

ஷரஃபு வாசல்படியில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இத்தாத்தா அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "கள்ள பாங்கு போட்டவனே, எழுந்து போய் டாக்டருக்கு டீ போடு."

மஃரிப் வந்தது. அன்று இத்தாத்தா கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து, கரண்டியின் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் வைத்து ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு தொண்டைமணி ஏறி இறங்கும்வரை காத்திருந்தார். கடைசி வாய் முடிந்து கண் செருகுவதற்கு முன்னால், இடது கன்னத்தில் விரல் விட்டு வழித்தார். காக்கா முனகினார். "இஷா வுளு, ராத்தொழுகைக்கு" என்றார் இத்தாத்தா. அதற்குப் பிறகு முனகல் இல்லை.

இப்போது தினமும் அப்படித்தான். அவர் தொழுகிறாரோ இல்லையோ, பாங்கு கேட்கும்போதெல்லாம் கை நீளுகிறது, கைக்குத் தண்ணீர், வாய்க்குப் பிழிந்த துணி. இரவில் மூச்சு கொஞ்சம் கரகரத்தாலும் இத்தாத்தா எனக்குப் போன் செய்கிறார். இன்னும் இரண்டு பல் ஆடுகிறது, சீழ் வற்றியதும் டாக்டர் எடுப்பாராம். அதுவரை எனக்கும் நிம்மதி கிடையாது. சில நாள் அஸருக்குக் கை நீள்வதில்லை. அன்றைக்கு வாயும் திறப்பதில்லை. நாங்கள் அடுத்த பாங்குக்குக் காத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிற பெரியவர் இருப்பாரே. ஒருவர் கோபத்தில் மூடுவார், ஒருவர் வெட்கத்தில், ஒருவர் எதற்கென்றே தெரியாமல். அந்த வாயை எப்படித் திறக்க வைத்தீர்கள்? எதைச் சொன்னதும் திறந்தது? திறந்தபோது உள்ளே என்ன பார்த்தீர்கள்? திறக்க முடியாமல் தோற்றுப்போயிருந்தால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் இத்தாத்தாவுக்குப் படித்துக் காட்டுவேன். கை நீளாத நாட்களுக்கு எங்களுக்கு வேறு வழி வேண்டியிருக்கிறது.